தலைத்திவசத்துக்கு நகையை அடகு வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் தந்தை காலமாகி 11 மாதங்கள் ஆகின்றன. அடுத்த மாதம் தலைத்திவசம். ஹோமம், மண்டபத்தில் 200 பேருக்குச் சாப்பாடு, வந்தவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று 3 லட்ச ரூபாய்க்கு அண்ணன் திட்டம் போட்டிருக்கிறார். அதில் பாதி, அண்ணியின் நகையை அடகு வைத்து வரவேண்டிய பணம். அப்பா ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் மகளைத் திண்ணையில் உட்கார வைத்துப் பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இப்போது நர்சிங் படிக்கும் அந்தப் பெண், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கிறாள். திதியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை இவளுக்குக் கொடுக்கலாம் என்றேன். பித்ரு சாபம் வரும் என்று அண்ணன் கோபப்படுகிறார். ஊர் என்ன சொல்லும் என்று அம்மா அழுகிறார். நான் சொன்னது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.

பதில்: அன்புச் சகோதரி, திதியை விட்டுவிடலாம் என்றீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், மற்ற எல்லாவற்றிலும் நியாயம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சண்டை திதி வேண்டுமா வேண்டாமா என்பதாக மாறிவிட்டதால்தான் அண்ணன் சாபத்தைப் பேசுகிறார், அம்மா அழுகிறார். திதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தால், அண்ணன் நம்பும் சாஸ்திரமே உங்களுக்காகப் பேசியிருக்கும்.

மனு நூலின் பல பகுதிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் சாஸ்திரம் என்று சொல்பவர்கள் அதன் மூன்றாம் அத்தியாயத்தையும் படித்திருக்க வேண்டும். சிராத்தத்தில் தேவர்களுக்காக இருவர், பித்ருக்களுக்காக மூவர், அல்லது இரண்டுக்கும் ஒவ்வொருவர் என்று உணவளித்தால் போதும் என்றும், பெரும் செல்வம் உடையவனும்கூட இதைப் பெருக்கக் கூடாது என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. கூட்டம் பெருகினால் உபசாரம், இடம், காலம், தூய்மை, தகுதியானவர் அமைதல் ஆகிய ஐந்தும் கெட்டுப்போகும் என்று காரணமும் அடுத்த சுலோகத்திலேயே வருகிறது. 200 பேர் பந்தியில் பரிமாறிப் பார்த்த எவருக்கும் இதற்கு உரை தேவைப்படாது.

விஷ்ணு புராணம் இன்னும் ஒரு படி கீழே இறங்கி, கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் வழி சொல்கிறது. பித்ருக்களே பாடுவதாக அமைந்த பகுதி அது. வசதி உள்ளவன் நிறையக் கொடுக்கட்டும். இல்லாதவன் தன்னால் இயன்ற அன்னத்தைத் தரட்டும். அதுவும் முடியாதவன் கொஞ்சம் எள்ளையோ, பசுவுக்கு ஒரு நாள் புல்லையோ தரட்டும். எதற்கும் வழியில்லை என்றால் காட்டுக்குப் போய் இரு கைகளையும் தூக்கி, ‘என்னிடம் பொருள் இல்லை, என் பக்தியால் என் முன்னோர்கள் திருப்தி அடையட்டும்’ என்று சொன்னால் போதும் என்கிறார்கள். வெறும் கையை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் முன்னோர்கள், மருமகளின் வளையல் அடகுக் கடைக்குப் போகவில்லை என்பதற்காகச் சபிப்பார்கள் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டுத் திவசத்துக்குப் போயிருந்தேன். சடங்கில் ஒரு குறையும் இல்லை. கைகழுவக் கொல்லைப்புறம் போனபோது, அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் மூதாட்டி ஒரு தூக்குவாளியோடு துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் தருகிறோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்களாம். கடைசிப் பந்தி எழுந்தபோது மணி 3. சோறு இருந்தது, குழம்பு தீர்ந்துவிட்டது. வாளியில் வெறும் சோறும் இரண்டு வடையும் விழுந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இறந்தவரின் படுக்கையருகே கடைசி இரண்டு ஆண்டுகள் கூடமாட நின்று பார்த்துக்கொண்டவர் அவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம் சைவ மரபு இதை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். இளையான்குடி மாறநாயனார் வேள்வி செய்து நாயனார் ஆனவர் இல்லை. செல்வமெல்லாம் போன பிறகு, ஒரு மழை இரவில் கதவைத் தட்டிய அடியாருக்கு உணவளிக்க, அன்று பகலில் விதைத்த நெல்லை இருட்டில் தடவி வாரிக்கொண்டு வந்தவர் அவர். அடுப்பெரிக்க விறகு இல்லாமல் வீட்டுக் கூரையின் கழியையே வெட்டிக் கொடுத்தார். முளைத்த விதையைக் கழுவி, வறுத்து, குத்தி அரிசியாக்கிச் சமைத்தவர் அவருடைய மனைவி. திருநாவுக்கரசரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அவர்மீது பக்தி கொண்ட திங்களூர் அப்பூதியடிகளோ, அந்தப் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். ஒருவர்மீது கொண்ட அன்பை வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பதில் காட்டிய அந்த மனிதரை, உங்கள் அண்ணனுக்கு நினைவூட்டலாம்.

‘படமாடக் கோயில் பகவற்கொன் றீயில் நடமாடக் கோயில் நம்பர்க்கங் காகா’ என்ற திருமூலர் பாட்டை நீங்களே மேற்கோள் காட்டக்கூடும். நடமாடும் கோயிலாகிய மனிதருக்குக் கொடுப்பது கோயில் இறைவனைச் சென்று சேரும், கோயிலுக்குக் கொடுப்பது மனிதரைச் சென்று சேராது என்ற அந்தக் கணக்கு மிகச் சரியானது. ஆனால் அதே திருமூலர்தான், கோயில் பூசை முட்டுப்பட்டால் மன்னர்க்குத் தீங்கு என்றும் பாடியிருக்கிறார். அவருக்கு வழிபாட்டின்மேல் வெறுப்பு இல்லை. எது முந்தியது என்பதில் மட்டும் குழப்பம் இல்லை. 1897 ஜனவரியில் இராமேசுவரம் கோயிலில் பேசிய விவேகானந்தரும் இப்படித்தான் சொன்னார்: ஏழையிடத்தும் நலிந்தவரிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பவனே உண்மையில் சிவனை வழிபடுகிறான்; சிலையில் மட்டும் காண்பவனின் வழிபாடு தொடக்க நிலையிலேயே இருக்கிறது. கோயிலுக்குள் நின்று, பக்தர்கள் முன்னிலையில் சொன்னது அது. கும்பகோணத்திலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் இருக்கும் வடலூரில், 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் இன்றும் அடுப்பு அணையாமல் எரிகிறது. உங்கள் அம்மாவை ஒரு நாள் அங்கே அழைத்துப் போங்கள், வாதம் செய்ய வேண்டியிருக்காது.

அம்மாவின் அழுகையைச் சிறிதாக எண்ணாதீர்கள். கணவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கப்படுவதைக் காண்பது அவருடைய துக்கத்துக்குத் தேவைப்படுகிறது. ஆகவே வீட்டிலேயே ஒரு புரோகிதரை வைத்து, அண்ணன் கையால் திதி முறையாக நடக்கட்டும். நெருங்கிய உறவினருக்கு மட்டும் சாப்பாடு. அப்பாவுக்குப் பிடித்தது எதுவோ அதை அம்மாவே சொல்லட்டும். மண்டபம், பாத்திரம், அடகு மூன்றும் வேண்டாம். உங்கள் வீட்டு வேலைக்கார அம்மாளுக்கு உறவினரோடு ஒரே பந்தியில் இலை போடுங்கள்.

படிப்புக் கட்டணத்தை நீங்களும் அண்ணனும் சேர்ந்தே கொடுங்கள். நீங்கள் தனியாகக் கொடுத்து அண்ணனைத் தோற்கடிப்பதில் எந்தப் புண்ணியமும் இல்லை. திதியன்று பத்துப் பேர் முன்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் காசோலை நீட்டாதீர்கள். அப்படிச் செய்தால் மண்டபச் சாப்பாட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கல்லூரியில் நேரே பணத்தைக் கட்டி, ரசீதை அவள் அம்மாவிடம் கொடுத்தால் போதும். கட்டணத்துக்குக் கடைசி நாள் திதிக்கு முன்பே வந்துவிடுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வந்துவிடும் என்றால் அண்ணனிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசுங்கள், அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நகை அவருடையது, அவரை யாரும் இன்னும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.