வேலி இல்லாத கடற்படை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹார்ட்ஸ் ஒஃப் அயன் 4 என்ற இரண்டாம் உலகப் போர்க் கணினி விளையாட்டில் இத்தாலியை எடுத்து விளையாடுகிறேன். இருந்த இரும்பையெல்லாம் போட்டு ஆறு பெரும் போர்க்கப்பல்கள் கட்டினேன். மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் சின்னக் கப்பல்களே என்னை அடித்து முடித்துவிட்டன. எங்கே பிழை?
– உயர்தர மாணவன், விசுவமடு

பதில்: தம்பி, உங்கள் கடிதம் முழுக்கத் தேடினேன், நாசகாரி (டெஸ்ட்ரோயர் எனும் சின்னப் போர்க்கப்பல்) என்ற பேச்சே இல்லை. எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

இந்த விளையாட்டில் சண்டை தொடங்கியதும் கப்பல்கள் வரிசை வரிசையாக நிற்கும். முன்னால் நாசகாரிகளும், அவற்றைவிடச் சற்றுப் பெரிய இலகு குரூசர்களும். அவற்றுக்குப் பின்னால் கனரக குரூசர்களும் பெரும் போர்க்கப்பல்களும். கடைசியில் விமானந்தாங்கிகள். முன்வரிசைதான் வேலி. பின்னால் நிற்கும் ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் மூன்று சின்னக் கப்பல் இருந்தால் வேலி முழுசாக இருக்கும். அதற்குக் குறைந்தால் வேலியில் பொட்டு (ஓட்டை) விழும். பொட்டுக்குள்ளால் மாடு பூந்து வயலை மேய்கிற மாதிரி, எதிரியின் டோர்பிடோக்கள் (நீருக்கடியால் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டுகள்) உங்கள் பெரிய கப்பல்களிடம் நேரே வந்துவிடும். நீங்கள் செலவழித்துப் போட்ட தடித்த கவசம் பீரங்கிக் குண்டைத் தாங்கும், டோர்பிடோவை மறிக்காது. உங்கள் ஆறு கப்பலும் போன விதம் இதுதான்.

"என்னிடம் பெரிய பீரங்கி இருந்ததே, வர முதலே அடித்திருக்கலாமே" என்று கேட்பீர்கள். நாசகாரி சிறியது, வேகமானது. பெரிய பீரங்கி அதைக் குறிபார்த்து அடிப்பது கஷ்டம். அதற்கு இலகு பீரங்கிதான் சரி. ஆகவே இலகு குரூசரில் இலகு பீரங்கிகளை ஏற்றக்கூடிய அளவுக்கு ஏற்றுங்கள். அவை எதிரியின் முன்வரிசையைக் கழிக்கட்டும். அங்கே ஆள் குறையக் குறைய உங்கள் நாசகாரிகளின் டோர்பிடோ அவனுடைய பெரிய கப்பல்களுக்கு எட்டத் தொடங்கும். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் போட்ட முதலுக்கு மேலாகத் திருப்பித் தருவது இலகு குரூசர்தான். யாரும் அதன் படத்தைப் பார்த்து ஆசைப்படுவதில்லை. எல்லோருக்கும் பெரிய கப்பல்தான் கண்ணில் நிற்கிறது.

ஆறு பெரிய கப்பலுக்குக் கணக்கின்படி 18 சின்னக் கப்பல் போதும். ஆனால் 18 உடன் நிறுத்தாதீர்கள். சண்டையில் முதலில் மூழ்குவது அவைதான். நாலு போனாலே கணக்கு உடைந்துவிடும். 24 வைத்துக்கொண்டு கடலுக்கு வாருங்கள். இத்தாலிக்கு அவ்வளவு கட்ட வசதி இல்லையென்றால், பெரிய கப்பல் மூன்றைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு மிச்ச மூன்றுக்கு முழு வேலி போடுங்கள். வேலியோடு வரும் மூன்று, வேலி இல்லாமல் வரும் ஆறை வெல்லும்.

கேள்வி: விமானந்தாங்கிதான் பலம் என்கிறார்களே, எத்தனை கட்டலாம்?
– வாசகர், வவுனியா

பதில்: ஒரே சண்டைக்குள் நான்குக்கு மேல் கொண்டுவராதீர்கள். கூடினால் விமானங்கள் ஒன்றோடொன்று நெரிபட்டு, பறக்கும் திறன் குறையும். ஒவ்வொரு விமானந்தாங்கிக்கும் ஒரு பெரும் போர்க்கப்பலோ கனரக குரூசரோ துணைக்கு நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் நாசகாரிகள்.

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரலில் ஐந்து விமானந்தாங்கிகளோடு ஜப்பானியர் இலங்கைக் கடலுக்கு வந்தார்கள். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கிய அன்றே, விமானப் பாதுகாப்பு இல்லாமல் போய்க்கொண்டிருந்த டோர்செற்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பிரிட்டிஷ் கனரக குரூசர்களை மூழ்கடித்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை. அங்கிருந்து முதல்நாள் இரவே விலகிப் போன ஹேர்மிஸ் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் பிடிபட்டது. அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. துணைக்கு வந்த நாசகாரி வம்பயர் ஒன்றுதான். இரண்டும் மூழ்கின. ஹேர்மிஸ் இன்றும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.

அங்கே மூன்று நாசகாரி நின்றிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். முன்வரிசை டோர்பிடோவைத் தடுக்கும், வானத்தைத் தடுக்காது. எதிரியிடம் விமானந்தாங்கி இருக்கிறதென்று தெரிந்தால், உங்கள் கப்பல் வடிவமைப்பில் விமான எதிர்ப்புப் பீரங்கிக்கு இடம் ஒதுக்குங்கள். 2019இல் இந்த விளையாட்டுக்கு வந்த 'மேன் த கன்ஸ்' என்ற கூடுதல் இணைப்பு இருந்தால் அதை நீங்களே பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் இரவிரவாக இந்தக் கப்பல் சண்டையோடு இருக்கிறான். கப்பல் மூழ்கினால் கை தட்டுகிறான். கடலில் நடந்ததைக் கண்ட எங்களுக்கு அது தாங்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த முறை அதிகமாக யோசித்தேன். 2009இற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைக்கு அது திரையில் ஓடும் ஒரு பட்டியல். ஒரு கப்பல் போனால் பட்டியலில் ஒரு பெயர் குறையும். அதில் இருந்தவர்கள் ஆளணிக் கணக்கில் ஓர் எண்ணாகக் கழிபடுவார்கள். அவனுக்குத் தெரிவது அவ்வளவுதான். அதில் அவன் மேல் குற்றமில்லை.

நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஹெட்போன் போடட்டும், பத்து மணிக்கு மூடட்டும். பிறகு ஒருநாள், உங்களால் சொல்ல முடிந்த அளவுக்கு மட்டும், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். சொல்ல மனம் வராவிட்டால் அதுவும் சரி. கப்பல்களில் ஆசையுள்ள பிள்ளை மேலே சொன்ன ஹேர்மிஸ் கதையைத் தேடி வாசிப்பான். அதில் இறந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள் என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லலாம்.

கேள்வி: கடற்படை பெரிதுதான். ஆனால் எரிபொருள் இரண்டு மாதத்தில் முடிகிறது. என்ன செய்ய?
– வாசகர், பரந்தன்

பதில்: எல்லாக் கப்பலையும் ரோந்துக்கு விட்டிருக்கிறீர்கள், அதுதான் காரணம். ரோந்துக்கு இரண்டு மூன்று கப்பல் கொண்ட சின்னக் குழுக்கள் போதும். எதிரியைக் கண்டுபிடிப்பதுதான் அவற்றின் வேலை. ஆகவே ரேடார் அல்லது வேவு விமானம் ஏற்றிய இலகு குரூசர் ஒன்று ஒவ்வொரு குழுவிலும் இருக்கட்டும். 'பெரிய கப்பலைக் கண்டால் சண்டை பிடிக்காதே' என்ற கட்டளையையும் கொடுங்கள். முதன்மைப் படையைத் தாக்குதல் படையாகத் துறைமுகத்தில் நிறுத்துங்கள். ரோந்துக்காரர் எதிரியைக் கண்டதும் அது தானாகப் புறப்படும். அதுவரை எரிபொருள் மிச்சம்.

நாசகாரிகளில் ஒரு பங்கைப் பிரித்து, நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டுகளோடு சரக்குக் கப்பல்களின் காவலுக்கு அனுப்புங்கள். எண்ணெயைக் கடல் வழியாக வாங்கும் நாடென்றால் இதை முதலில் செய்யுங்கள். எதிரியின் நீர்மூழ்கி உங்கள் சரக்குக் கப்பலை மூழ்கடித்தால், துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பலுக்கு ஊற்ற எண்ணெய் வராது.