ஒன்பதே கால் ரூபா கூலி

வணக்கம் சார். 2030 காமன்வெல்த் கேம்ஸ் அகமதாபாத்துக்குக் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா யார்கிட்ட சொன்னாலும் 2010 டெல்லி ஊழலைச் சொல்லியே வாயை அடைச்சிடறாங்க. இந்தப் போட்டியெல்லாம் நமக்குத் தேவைதானா?
– ஒரு வாசகர்

வணக்கம்.

உங்க சந்தோஷத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீங்க. 1982 டெல்லி ஏசியாட்ல, அதாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில, பி.டி. உஷா 100 மீட்டர், 200 மீட்டர் ரெண்டுலயும் வெள்ளி வாங்கினதும், வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்துல தங்கம் ஜெயிச்சதும் நம்ம மண்ணுல, நம்ம ஜனங்க கண்ணு முன்னாடி நடந்துச்சு, அது சின்ன விஷயம் இல்ல. 2010ல நடந்ததும் மறக்கக்கூடியது இல்ல, போட்டிக்கு ரெண்டு வாரம்கூட இல்லாதப்ப ஸ்டேடியம் பக்கத்துல நடைபாலம் இடிஞ்சு வேலையாட்களுக்கு அடிபட்டுச்சே.

ஆனா எனக்கு 82னாலே ஒரு கூலிக் கணக்குதான் முதல்ல ஞாபகம் வரும். ஏசியாட் கட்டட வேலைக்கு ராஜஸ்தான், உ.பி., ஒரிசாவுல இருந்தெல்லாம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. அன்னைக்கு குறைஞ்சபட்சக் கூலி ஒரு நாளைக்கு 9 ரூபா 25 காசு. கான்ட்ராக்டர் அதைத் தொழிலாளி கையில தரல, ஆள் பிடிச்சுட்டு வந்த ஜமேதார்கிட்ட தந்தாரு, அவரு கமிஷன்னு 1 ரூபா எடுத்துக்கிட்டு 8 ரூபா 25 காசு தந்தாரு, பொம்பளைங்களுக்கு வெறும் 7 ரூபா. வெயில்ல அதே கல்லு, அதே மண்ணு சுமந்தவங்க அவங்களும்!

இது கோர்ட்டுக்குப் போனது எப்படின்னு நினைக்கிறீங்க, ஒரு கடிதத்தாலதான். மூணு ஆய்வாளர்கள் சைட்டுகளைப் பார்த்து எழுதின அறிக்கையை வச்சு ஒரு மக்கள் உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு லெட்டர் போட்டுது, சுப்ரீம் கோர்ட் அதையே மனுவா எடுத்துக்கிச்சு. குறைஞ்சபட்சக் கூலிக்குக் கீழ குடுத்து வேலை வாங்கினா அது கட்டாய உழைப்பு, அரசியல் சாசனம் 23ஆவது பிரிவு அதைத் தடுக்குதுன்னு 1982 செப்டம்பர்ல தீர்ப்பு வந்துச்சு, நவம்பர்ல போட்டி. பசிக்கு வேற வழியில்லாம ஒருத்தன் கம்மிக் கூலிக்கு ஒத்துக்கிட்டாலும் அது அவனா விரும்பி செஞ்சது ஆகாதுன்னு ஒரு கோர்ட் சொல்லிச்சு பாருங்க, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

அதனால தேவைதான்னே சொல்றேன், நடத்தட்டும். ஆனா அகமதாபாத்துல கூலி நேரா வேலை செய்யறவங்க கைக்கோ பேங்க் கணக்குக்கோ போகணும், நடுவுல ஒரு ரூபாகூட யாரும் தொடக்கூடாது, 82ல சைட்டுக்கே போய்ப் பார்க்க கோர்ட் மூணு பேரை நியமிச்ச மாதிரி இங்கயும் முதல் செங்கல் வைக்கறதுக்கு முன்னாடியே ஆள் போடணும். இதைக் கேட்டு நான் எழுதப்போறேன், நீங்களும் ஒரு லெட்டர் போடுங்க.