பழைய வில்லிஸ் பிக்கப்புக்குப் புது இன்ஜின்: ஏற்றத்தை விடுங்கள், இறக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். குன்னூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. தாத்தா ஒரு எஸ்டேட் ஏலத்தில் எடுத்த 1964 மாடல் வில்லிஸ் பிக்கப் இன்னும் ஓடுகிறது. பெட்ரோல், ஹரிகேன் இன்ஜின், ஃபோர் வீல். கொழுந்து மூட்டை ஏற்றினால் மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது, கரும்புகை வேறு. விபத்தான ஸ்கார்ப்பியோ ஒன்று விலைக்கு வருகிறதாம். அதிலிருந்து எம்ஹாக் டீசல் இன்ஜினை எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக் அண்ணன். போடலாமா? ஆர்.சி.யில் சிக்கல் வருமா?

பதில்: எம்ஹாக் வேண்டாம். ஆர்.சி.யில் சிக்கல் வரும். ஆனால் இந்த இரண்டு வரியோடு உங்களை அனுப்பினால், அண்ணன் வேறு ஒரு இன்ஜினைக் காட்டுவார், நீங்கள் மறுபடி எழுதுவீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரும்புகை வந்தால் இன்ஜின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெட்ரோல் கூடுதலாகவும் காற்று குறைவாகவும் போகிறது, அவ்வளவுதான். நீலப் புகை என்றால்தான் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் பார்க்க வேண்டும். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எந்த இன்ஜினும் அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். உங்கள் ஹரிகேன் 2,199 சிசி. புதிதாக இருந்தபோது 4,000 ஆர்.பி.எம்.மில் 75 எச்.பி. கொடுத்தது. குன்னூரில் அது 60 எச்.பி. இன்ஜின். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டிக்குப் போனால் இன்னும் குறையும். இதில் இன்ஜின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கார்புரேட்டர் இந்த உயரத்தைக் கவனிக்காது. கீழே மேட்டுப்பாளையத்தில் சரியாக இருந்த ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), மேலேயும் ஏறக்குறைய அதே பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று மட்டும் குறைந்திருக்கும். கரும்புகை அங்கிருந்துதான் பிறக்கிறது. எனவே முதல் வேலையாக ஒரு சைஸ் சின்ன மெயின் ஜெட் போட்டுப் பாருங்கள், ஸ்பார்க் அடிக்கும் டைமிங்கைச் சில டிகிரி முன்னால் நகர்த்துங்கள், ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே சேரும் அழுத்தம் எவ்வளவு என்று, எடுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நாலும் சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஹரிகேனில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில் உட்கார்ந்திருக்கும். அந்த எக்ஸாஸ்ட் வால்வுதான் இதன் பலவீனமான இடம். ஈயம் கலந்த பெட்ரோலை மனதில் வைத்து வடிவமைத்த இன்ஜின் இது. நம் நாட்டில் ஈயப் பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுபோனது. வால்வு சீட் தேய்ந்து இடைவெளி போயிருந்தால் ஒரு சிலிண்டர் சும்மா சுற்றும், வண்டி மேட்டில் திணறும். பிளாக்கில் கெட்டியான சீட் இறக்கித் தரக் கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறைகள் இருக்கின்றன. அப்படியே பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் ரப்பர் ஓஸ்களையும் மாற்றிவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துத் தின்னும்.

இவ்வளவும் செய்த பிறகும் கொழுந்து மூட்டையோடு இரண்டாவது கியரில் மேடு ஏறவில்லை என்றால், அப்போது வேறு இன்ஜினைப் பற்றி யோசிக்கலாம். என் அனுபவத்தில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தைத் தாண்டி வருவதில்லை.

சரி, எம்ஹாக்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒரு கணக்குப் போடுவோம். ஹரிகேனின் டார்க், அதாவது சுழற்றும் விசை, சுமார் 155 நியூட்டன் மீட்டர். அதன் பின்னால் இருக்கும் டி-90 மூன்று கியர் பாக்ஸில் முதல் கியர் 2.8, பலத்தை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 மடங்கு. அதாவது லோவில் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டால் ஆக்ஸிலுக்கு அதிகபட்சம் 5,700 நியூட்டன் மீட்டர் போகும். பழைய 120 எச்.பி. எம்ஹாக்கின் டார்க் 290. அதே கியர்களோடு அது 10,700க்கு மேல் வரும். சேற்றில் சக்கரம் மாட்டி நிற்கும்போது அண்ணன் ஒரு மிதி மிதித்தால், கியர் பல்லோ ஆக்ஸில் ஷாஃப்ட்டோ ஏதோ ஒன்று பதில் சொல்லும். ‘கியர்பாக்ஸையும் ஸ்கார்ப்பியோவிலிருந்தே எடுத்துக்கொள்வோம்’ என்பார். அது டூ வீல் டிரைவ் வண்டியின் பாக்ஸ் என்றால் உங்கள் ஃபோர் வீல் போயிற்று. வில்லிஸின் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் இல்லை, வலது பக்கமாக ஒதுங்கியிருக்கும். முன்னும் பின்னும் போகும் ஷாஃப்ட் இரண்டும் அந்தப் பக்கமாகத்தான் ஓடும். அதை விட்டுவிட்டு நடுவில் ஷாஃப்ட் வரும் கியர்பாக்ஸைப் போட்டால் ஆக்ஸிலையும் மாற்ற வேண்டும். ஆக்ஸில் மாறினால் பிரேக் மாறும், ஸ்பிரிங் மாறும். கடைசியில் மிஞ்சுவது தாத்தாவின் பாடி மட்டும்தான்.

இன்னொன்று, எம்ஹாக் போன்ற காமன் ரெயில் டீசல் என்பது இரும்பு மட்டும் இல்லை. அதோடு இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு., முழு வயரிங், ஆக்சிலரேட்டர் பெடலின் சென்சார், கிராங்க் சென்சார், கேம் சென்சார், சாவியோடு பேசும் இம்மொபிலைசர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். இன்ஜினை மட்டும் தூக்கி வந்தால் அது சும்மா ஒரு பாரம். எல்லாம் சேர்ந்து வந்து ஓடினாலும், மழைக்காலத்தில் ஏதோ ஒரு கனெக்டரில் ஈரம் இறங்கி வண்டி கோத்தகிரி ரோட்டில் நின்றால், ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும். நீலகிரியின் ஈரப்பதம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இறக்கத்தைப் பற்றித்தான் கவலை. குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது வண்டி சுமார் 1,500 மீட்டர் கீழே வருகிறது. அந்த உயரத்தின் சக்தி முழுவதும் எங்காவது சூடாக மாறித்தான் ஆக வேண்டும். ஒன்று இன்ஜின் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லை பிரேக் டிரம் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் த்ராட்டில் மூடிக்கொண்டு, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகி, இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கும். பழைய டீசல்களில் அந்த மூடியே இல்லை. உறிஞ்சிய காற்றை அழுத்தும், அழுத்தியது திரும்பத் தள்ளும். அதனால் டீசல் போட்ட ஜீப்பில் இறங்குபவர்கள், பிடிப்பு நினைத்ததைவிடக் குறைவு என்பதை முதல் நாளே உணர்வார்கள். கியரைச் சரியாகத் தேர்ந்தால் சமாளிக்கலாம். ஆனால் மூன்று கியர் பாக்ஸில் இரண்டாவதுக்கும் டாப்புக்கும் நடுவே பெரிய இடைவெளி. இரண்டில் இன்ஜின் கத்தும், டாப்பில் வண்டி ஓடிவிடும்.

உங்கள் வண்டியின் பிரேக் நாலு பக்கமும் டிரம். ஒற்றை மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட், வெற்றிடத்தின் உதவியால் மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. ஒரு வீல் சிலிண்டரின் கப் கிழிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. எந்த இன்ஜின் போட்டாலும் போடாவிட்டாலும், முதல் செலவு இங்கேதான்: இரட்டை அறை கொண்ட டாண்டம் மாஸ்டர், புது ஸ்டீல் குழாய், புது ஓஸ், புது லைனிங், புது ஆயில். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துப் பெடல் தரைக்குப் போகும். பூஸ்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் இதை மறக்க வேண்டாம்: டீசலில் மேனிஃபோல்டு வெற்றிடம் கிடைக்காது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வாக்குவம் பம்ப் உள்ள டீசலாகப் பார்த்து எடுக்க வேண்டும். பெட்ரோல் ஜீப்பின் ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு ‘பூஸ்டர் வேலை செய்யவில்லை’ என்று தலையைச் சொறிந்தவர்கள் உண்டு.

அப்படியும் டீசல்தான் வேண்டும் என்றால் எதைப் போடலாம்? மஹிந்திராவே இதே வில்லிஸ் வம்சத்து ஜீப்பில் என்ன போட்டது என்று பாருங்கள். எம்.எம். 540இல் வந்தது பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90. 2,112 சிசி, 62 எச்.பி. மட்டுமே. ஹரிகேனைவிடக் குறைவு! அன்றைக்கு மக்கள் டீசலுக்கு மாறியது எண்ணெய்ச் செலவுக்காக, வேகத்துக்காக இல்லை. அதற்குப் பின் வந்த 2,523 சிசி டி.ஐ. இன்ஜின்தான் என் தேர்வு. பொலேரோவில் டர்போவோடு வந்தது. 3,200 ஆர்.பி.எம்.மில் 63 எச்.பி.; டார்க் 180ஐச் சுற்றி. எச்.பி.யைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். டர்போ இருப்பதால் குன்னூர் உயரத்தில் அதன் பலம் அதிகம் குறையாது, உங்கள் ஹரிகேன் போல 60க்கு இறங்கி நிற்காது. அந்த டார்க்கும் 1,500 ஆர்.பி.எம். பக்கத்திலேயே கிடைத்துவிடும், மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது வேண்டியது அதுதான். பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இ.சி.யு. இல்லை. எந்த ஊர் டீசல் பட்டறையிலும் நாசில் பார்த்துத் தருவார்கள். கூடவே எம்.எம். 540 ஃபோர் வீல் ஜீப்பின் நாலு கியர் பாக்ஸ் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். வில்லிஸ் குடும்ப டிரான்ஸ்ஃபர் கேஸ் அதோடு வரும், உங்கள் முன் ஆக்ஸிலும் பிழைக்கும்.

வேகத்தில் மட்டும் ஆசை வைக்காதீர்கள். 7.00-16 டயர், 5.38 ஆக்ஸில் என்றால் டாப் கியரில் 3,000 ஆர்.பி.எம்.முக்கு மணிக்கு 78 கிலோமீட்டர் சுமார். டி.ஐ. இன்ஜினின் எல்லை 3,200. மலைக்கு இது அருமையான பொருத்தம், கோவைச் சாலையில் லாரிக்குப் பின்னால் போக வேண்டியதுதான்.

பொருத்தும்போது மெக்கானிக்குகள் அலட்சியமாக விடும் இடங்கள் சில. இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் குழி முன் ஆக்ஸிலுக்கு மேல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது ஆக்ஸில் சம்ப்பை முத்தமிட்டால் ஆயில் முழுக்க ரோட்டில். பெல் ஹவுசிங்குக்கு அடாப்டர் பிளேட் வெட்டினால், கிராங்க்கின் நடுவும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நடுவும் டயல் கேஜ் வைத்து ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கண்ணளவில் வைத்தால் பைலட் பேரிங்கும் கிளட்சும் மாதக்கணக்கில்கூட நிற்காது. பின் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கினால் பேலன்ஸ் செய்யாமல் மாட்டக் கூடாது, இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் சமமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் டீசலுக்கு ஏற்ற தடிமனான கோர். குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும், அதனால் அழுத்தம் தாங்கும் மூடியும் கூலன்ட்டும் அவசியம். அந்த அழுத்தத்தைப் பழைய பித்தளை ரேடியேட்டரின் தையல் தாங்குமா என்பதையும் முன்பே சோதித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் வெறும் தண்ணீர் ஊற்றி விடுவது எவ்வளவு தப்பு என்று ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும்.

இப்போது காகிதம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எரிபொருள் மாற்றத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது எரிவாயு, பேட்டரி போன்றவற்றுக்கான மாற்று கிட் பற்றியது, விதிமுறைகளுக்கு உட்பட்டது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஊரில் டீசல் என்று எழுதிய பழைய ஜீப் ஆர்.சி.களைக் காட்டி ‘அவனுக்குக் கொடுத்தார்களே’ என்பார்கள். அவை பெரும்பாலும் அந்தக் காலத்து ஒப்புதல்கள். இன்றைக்கு உங்கள் வண்டிக்கு அப்படியே கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட வேண்டாம். அதே ரக ஹரிகேன் இன்ஜினையே வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடுவது இதைவிட எளிது. அதற்கும் இன்ஜின் எண் மாறுகிறது என்று ஆர்.டி.ஓ.விடம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும்.

‘பழமை வண்டி’ என்று பதிவு செய்யலாமே என்று யாராவது சொன்னால்: 2021இல் வந்த விதியில் 50 வருடத்துக்கு மேலான வண்டிகளுக்கு அந்த வசதி உண்டு, புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் இன்ஜின், சேஸிஸ், பாடியில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பதிவோடு தினமும் கொழுந்து ஏற்றவும் முடியாது. தேயிலைக்கு ஓடும் வண்டிக்கு அது ஒத்துவராது. ஆனால் என்றைக்காவது தாத்தாவின் வண்டியை அப்படியே வைத்துக்கொள்ள நினைத்தால், இன்று இன்ஜினை மாற்றுவது அந்த வழியை அடைத்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆகவே இந்த வாரம் இரண்டே வேலை. ஜெட், டைமிங், கம்ப்ரஷனைப் பார்த்துவிட்டு, பிரேக்குக்கு டாண்டம் மாஸ்டர் வாங்குங்கள். அப்புறம் டீசல் ஆசை விடவில்லை என்றால் ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். விற்பவரிடம் இன்ஜினுக்கு முன்பணம் அதற்குப் பிறகுதான். அந்த முன்பணத்தின்போது இன்ஜின் எண் குறித்த பில்லும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் இருக்க வேண்டும். உங்கள் ஆர்.சி.யில் பெட்ரோல் என்றும் பானெட்டுக்குள் டீசல் என்றும் இருந்தால், பர்லியாறு இறக்கத்தில் ஏதாவது ஆகும் நாளில் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் ஒப்பிடப் போவது ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் பானெட்டுக்குள் உள்ள இன்ஜின் எண்ணையும்தான்.