"பாட்டியைத் தொந்தரவு பண்ணாதே, போய்ப் படி!"

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை (நர்சிங்) இரண்டாம் ஆண்டு. எந்நேரமும் கைத்தொலைபேசிதான். கேட்டால், பாடத்தை வைத்து வினாடிவினா விளையாடுகிறேன் என்கிறாள். அதில் வகுப்பிலேயே முதலிடமாம். ஆனால் செய்முறைத் தேர்வில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பிரஷர் பார்க்கும்போது கை நடுங்கித் தவறிவிட்டாள். போன வாரம் பிரஷர் பட்டையைத் தூக்கிக்கொண்டு பாட்டியிடம் போனாள். "பாட்டியைத் தொந்தரவு பண்ணாதே, போய்ப் படி" என்று விரட்டினேன். தொலைபேசியைப் பிடுங்கி வைக்கட்டுமா?
- சிங்கப்பூர் ஈசூன் வாசகி

பதில்: தொலைபேசி கிடக்கட்டும். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "போய்ப் படி" என்று விரட்டியதாக, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அவள் படிக்கத்தானே அம்மா வந்தாள்!

வினாடிவினா வீண் வேலை இல்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதைவிட, மூடிவைத்துவிட்டு விடையை நினைவிலிருந்து தோண்டி எடுத்தால் மனத்தில் தங்கும். தப்பு உடனே தெரிகிறது, புள்ளி ஏறுகிறது, நாளைக்கும் திறக்கத் தோன்றுகிறது. (பட்டியலில் கடைசியாகக் கிடக்கிற பிள்ளைக்கு அதுவே வெறுத்துப்போகலாம். அது வேறு கதை.) முதல் சத்தம் மேல் அளவு, சத்தம் மறையும் இடம் கீழ் அளவு என்று உங்கள் மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் பிரஷர் அளவு நொடிக்கு 2, 3 மில்லிமீட்டர் இறங்கும்படி பட்டையின் காற்றை மெல்ல விடுவது விரலுக்குப் பழக வேண்டும். சுருங்கிய தோலுக்கு அடியில் நாடியைத் தேட வேண்டும். பக்கத்தில் தொலைக்காட்சி அலறும்போது அந்த மெல்லிய டொக் டொக்கைக் காதில் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். வீட்டிலேயே இருந்தது, நீங்கள் தரவில்லை.

கோபம் வந்தால் வரட்டும். பிள்ளையை மேசைக்கு விரட்டிவிட்டு, பெரியவர்களைப் பணிப்பெண்ணிடம் விட்டுவிடுகிற வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். நாளைக்கு ஊரார் பாட்டிகளைக் கவனிக்கப்போகிறவள், சொந்தப் பாட்டியின் கையைத் தொட உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

இன்றைக்கே சாப்பாட்டுக்கு முன்னால் முதலில் நீங்கள் உட்காருங்கள், பிறகு பாட்டி. முதுகு சாய்ந்து, கால் தரையில், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில், 5 நிமிடம் பேச்சில்லாமல். பாட்டிக்குக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். ஒரே கையில் விடாமல் காற்றடிக்க வேண்டாம், வலிக்கும். வீட்டில் தானியங்கி மெஷின் இருந்தால், மகள் தான் பார்த்த அளவை எழுதிவைத்த பிறகே அதை எடுங்கள்.

பிடுங்க நினைத்த தொலைபேசியைப் பிஸ்கட் டின்னில் சாய்த்துவைத்து, அவள் கைகளை மட்டும் படமெடுங்கள். எந்த இடத்தில் காற்றைச் சட்டென்று விட்டாள் என்று அவளே பார்த்துக்கொள்வாள். பார்த்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள். பாட்டியின் பிரஷர் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. அப்புறம் சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிடுவார்கள்.