293318625600: பட்டியலில் விடுபட்ட எண்

"கணினி நொடியில் சொல்லிவிடுகிறதே, பெரிய எண்ணின் வகுத்திகளைக் கையால் கண்டுபிடித்து என்ன பயன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். தேர்வுக்கு வேண்டியது ஒரே வரி: எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்; எத்தனை வகுத்திகள் என்று தெரிந்துவிடும்.

ஆனால் "என்ன பயன்" என்ற சொல் என்னைச் சுட்டுவிட்டது. நான் கணித ஆசிரியர்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்டது உயர் பகு எண். 12க்கு ஆறு வகுத்திகள்: 1, 2, 3, 4, 6, 12. அதற்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. ராமானுஜன் 1915இல் இவற்றைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800; வகுத்திகள் 10080. அந்தப் பட்டியலை நகலெடுத்து ஒன்பதாம் வகுப்பில் கொடுத்தேன்.

மறுநாள் ஒரு மாணவி நோட்டோடு வந்தாள். "சார், கடைசி எண்ணை 23ஆல் வகுத்தேன். வந்த விடை பட்டியலில் இல்லையே?" வகுத்தலில் தவறியிருப்பாள் என்றே நினைத்தேன். இரவு நானே போட்டுப் பார்த்தேன். மீதியில்லாமல் 293318625600. அதில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. அடுக்குகளோடு ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2 = 5040 வகுத்திகள்.

பட்டியலிலோ 195545750400க்கு 4608 வகுத்திகள். அடுத்த வரியில் நேராக 321253732800, 5376 வகுத்திகள். இரண்டுக்கும் நடுவே 5040 வகுத்திகளோடு ஓர் எண் நிற்கிறது என்றால், அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்றுதானே பொருள்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ராமானுஜனைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கணினியே இல்லாத காலத்தில் இத்தனை எண்களைக் கையால் கணக்கிட்டவர்; இந்த ஆய்வுக்காகத்தான் கேம்பிரிட்ஜ் 1916இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அந்த விடுபடலும் கணித உலகம் முன்பே அறிந்ததுதான். நாங்கள் கண்டுபிடித்ததாக உரிமை கொண்டாடவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வகுத்துப் பார்த்தாள், கண்ணில் பட்டது. கணினியிடம் கேட்டிருந்தால் 10080 என்ற விடையோடு எழுந்து போயிருப்பாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரையை என் சொந்தச் செலவில் வெளியூரில் நகலெடுத்து வந்தேன். எங்கள் பள்ளி நூலகத்திலும் கணித நூல்கள் இருக்கின்றன, பூட்டிய அலமாரியில். சாவி கேட்டால், "புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். பூச்சி அரிக்கலாம், பிள்ளைகள் தொடக் கூடாது என்பது என்ன நியாயம்?