சர்ச்சில் ஏன் டியூக் ஆகவில்லை?

கேள்வி: வின்ஸ்டன் சர்ச்சில் டியூக் (பிரிட்டிஷ் பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) குடும்பத்துப் பிள்ளைதானே, அவருக்கு ஏன் அந்தப் பட்டம் கிடைக்கவில்லை?

மயிரிழையில் தப்பிப் போனது. 1895 ஜனவரியில் அவருடைய அப்பா ராண்டால்ஃப் இறந்ததிலிருந்து 1897 செப்டம்பர் வரை, மார்ல்பரோ டியூக் பட்டத்துக்கு அடுத்த வாரிசு சர்ச்சில்தான். அதில் ஏறக்குறைய ஒரு வருடம் பெங்களூரில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தார். ரோஜா வளர்த்தார், பட்டாம்பூச்சி பிடித்தார். அங்குள்ள கிளப்பின் பழைய ஏட்டில், வசூலாகாத பாக்கி 13 ரூபாய் என்று அவர் பெயரில் இன்றும் இருக்கிறது.

ராண்டால்ஃப் 7ஆம் டியூக்கின் இளைய மகன். இந்தக் குடும்பங்களில் பாகப்பிரிவினை என்ற பேச்சே கிடையாது. பட்டம், அரண்மனை, நிலம் எல்லாம் மூத்தவனுக்கு. 1892இல் டியூக் ஆன பெரியப்பா மகனுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அதனால்தான் வரிசை சர்ச்சில் வரை வந்தது. அப்புறம் அந்த அண்ணன் 1895இல் அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வீட்டுப் பெண் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை மணந்தார். சீதனம் ரயில்வே பங்குகளாக வந்தது. அந்தப் பெண்ணுக்கு இதில் துளியும் விருப்பமில்லை, எல்லாம் அம்மாவின் பிடிவாதம். 1897இல் ஆண் குழந்தை பிறந்தது. சர்ச்சிலின் வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது இந்தப் பட்டத்தின் தொடக்கம். 1702இல் ஆன் ராணி, தளபதி ஜான் சர்ச்சிலை டியூக் ஆக்கியபோது ஆண் வாரிசுக்கு மட்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தார். மறு வருடமே அவருடைய ஒரே மகன் அம்மை கண்டு இறந்துவிட்டான். 1704இல் இன்றைய ஜெர்மனியில் உள்ள பிளென்ஹைமில் பிரெஞ்சுப் படையை நொறுக்கிய வீரரின் பட்டம் அவரோடு போகலாமா? 1706இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு, மகள்கள் வழியாகவும் போகலாம் என்றது. 1722இல் மூத்த மகள் ஹென்ரியட்டா பட்டத்துக்கு வந்தார். 1733இல் அவர் இறந்தபோது அவருடைய மகன் உயிரோடு இல்லை. தங்கை மகன் சார்ல்ஸ் ஸ்பென்சருக்குப் போனது. ஆக, இப்போதைய டியூக்குகள் ஆண் வழியில் ஸ்பென்சர்கள். சர்ச்சில் என்ற பெயரை 1817இல்தான் மறுபடி ஒட்டவைத்துக்கொண்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பேருந்தில் போய், அந்த வெற்றியின் பெயர் சூட்டிய, டியூக்குகளின் பிளென்ஹைம் அரண்மனையைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய மாளிகையில் சர்ச்சில் பிறந்த அறை மட்டும் சின்னது. ஐந்து வயதில் வெட்டிய அவருடைய சுருட்டை முடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு வாடகை உண்டு, தெரியுமா? அந்தப் போர் நடந்த நாளான ஆகஸ்ட் 13க்கு ஒவ்வொரு வருடமும் பழங்கால பிரெஞ்சு அரசக் கொடியின் நகல் ஒன்றை வின்ட்சரில் அரச குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும்.

1955இல் எலிசபெத் ராணி சர்ச்சிலுக்குப் புதிதாக ஒரு டியூக் பட்டம் தர முன்வந்தார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அவரைப் புதைத்திருப்பது அரண்மனைக்குப் பக்கத்தில், பிளேடன் என்ற சிற்றூரின் தேவாலயத் தோட்டத்தில், அப்பா அம்மாவுக்கு அருகே.