புது சர்வரில் ஆஸ்டரிஸ்க்: கேட்டவர்களுக்குப் பதில்

ஆஸ்டரிஸ்க் (சர்வரை அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக்கும் மென்பொருள்), அதைத் திரையில் நிர்வகிக்கும் ஃபிரீபிபிஎக்ஸ் இரண்டையும் நிறுவுவதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னேன். இத்தனை வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவரை எழுதுகிறேன். கேட்பவர்கள் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு, ஆஸ்டரிஸ்கை ஆப்ட் (தயார்ப் பொதிகளை இறக்கும் கருவி) வழியாகப் போட்டீர்களா அல்லது மூலநிரலில் இருந்தா. "போன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து, துணிக்கடை கணக்குப் பிரிவு: சார், புதிதாக உபுண்டு 24.04 போட்டேன். அதில் ஃபிரீபிபிஎக்ஸ் 17 நிறுவும் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஆரம்பத்திலேயே நின்றுவிடுகிறது.

நிற்கத்தான் செய்யும். அந்த ஸ்கிரிப்ட் டெபியன் 12-க்காக எழுதப்பட்டது. ஃபிரீபிபிஎக்ஸ் 16 வரை சென்டோஸ் 7-ஐ அடியில் வைத்து ஓடிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்டோஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. அதனால் 17-ஐ டெபியன் 12-க்கு மாற்றிவிட்டார்கள். ஃபிரீபிபிஎக்ஸ் எழுதப்பட்ட மொழி பிஎச்பி. டெபியன் 12-இல் வருவது அதன் 8.2. உபுண்டு 24.04-இல் வருவது 8.3. "ஒரு புள்ளிதானே வித்தியாசம்" என்று ஸ்கிரிப்டில் அந்தச் சோதனை வரியை நீக்கிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நிறுவல் முடியும், திரையும் வரும். காசு கொடுத்து வாங்கும் மாட்யூல்கள் பூட்டிய வடிவில், குறிப்பிட்ட பிஎச்பி பதிப்புக்கென்று வருகிறவை, அவை படுத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு அப்டேட்டில் மற்றதும் படுக்கும்.

போன் சிஸ்டம் போடுகிறவர் சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளைத் தேடக் கூடாது. மென்பொருள் எந்த லினக்ஸில் சோதிக்கப்பட்டதோ அதைத்தான் சர்வரில் போட வேண்டும். 2025 ஆகஸ்டில் டெபியன் 13-உம் வந்துவிட்டது. அதில் பிஎச்பி 8.4. புதுசு என்று அதற்கும் ஓடாதீர்கள். சர்வரை அழித்துவிட்டு டெபியன் 12 போடுங்கள். டெஸ்க்டாப் வேண்டாம், வேறு எதையும் முன்கூட்டி நிறுவவும் வேண்டாம். வெறும் சர்வரில் ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு டீ குடித்து வாருங்கள்.

அப்புறம், எக்ஸ்டென்ஷன் (அலுவலக உள் எண்) 1001-க்கு பாஸ்வேர்ட் 1001 என்று வைக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சேலம், கல்லூரி லேப்: டெபியன் 12-இல் ஆப்ட் மூலம் ஆஸ்டரிஸ்க் தேடினால் அப்படி ஒரு பொதியே இல்லை என்கிறது. என் சோர்ஸ் லிஸ்ட் தப்பா?

தப்பில்லை. டெபியன் 12 வெளியானபோதே அதில் ஆஸ்டரிஸ்க் இல்லை. உபுண்டு 24.04-இல் இருக்கிறது, 20.6 பதிப்பு. உங்களுக்கு மூலநிரல்தான் வழி. 22-ஐ எடுங்கள், நீண்ட கால ஆதரவு உள்ளது. சார்புகளுக்கு (அதற்குத் தேவையான துணை மென்பொருள்கள்) நீங்கள் ஒவ்வொன்றாக அலைய வேண்டாம். மூலநிரல் கோப்புறைக்குள் கான்ட்ரிப் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் 'இன்ஸ்டால் ப்ரீரெக்' இருக்கிறது, அதை ஓட்டினால் டெபியனுக்கு வேண்டியதை அதுவே இழுத்து வரும். பிறகு வழக்கமான கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கால்களை ஏற்பாடு செய்யும் சிப் நெறிக்கான பிஜேபிராஜெக்ட் நூலகத்தைத் தனியாகப் போடாதீர்கள், ஆஸ்டரிஸ்கோடு கட்டி வருவதையே பயன்படுத்துங்கள். கடைசியில் 'மேக் கான்ஃபிக்' கொடுக்க மறந்தால் ரீபூட் ஆனதும் சேவை தானாக எழாது. லேப் மாணவர்கள் எல்லாரும் ரூட்டாக ஓட்டுவார்கள். ஆஸ்டரிஸ்க் என்றே ஒரு பயனரை உருவாக்கி அதன் பெயரில் ஓட்டச் சொல்லிக்கொடுங்கள்.

சென்னை, பழைய கால்சென்டர்: 2014-இல் போட்ட ஆஸ்டரிஸ்க் 11. சிப் கான்ஃப் கோப்பில் 140 எக்ஸ்டென்ஷன். அப்படியே 22-க்குக் கொண்டுபோக முடியுமா?

முடியாது. நீங்கள் பயன்படுத்தும் சான்_சிப் என்ற பழைய சிப் மாட்யூல் 21-ஆம் பதிப்போடு போய்விட்டது. இனி பிஜேசிப் மட்டும்தான். மூலநிரலிலேயே ஒரு மாற்றி ஸ்கிரிப்ட் இருக்கிறது, முதல் வரைவுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் இப்போது எண்ட்பாயின்ட் (போனின் அமைப்பு), ஆத் (கடவுச்சொல்), ஏஓஆர் (போன் பதிவாகும் முகவரி) என்று மூன்று துண்டாகப் பிரியும். ட்ரங்க் (வெளி டெலிபோன் நிறுவனத்தோடு இணைக்கும் வழி) பக்கம் ஐடென்டிஃபை பகுதியை விட்டுவிட்டால் வெளியிலிருந்து வரும் கால் யாருடையது என்று தெரியாமல் நிராகரிக்கும். ட்ரங்கைக் கையாலேயே எழுதிவிடுங்கள்.

உங்களுக்கு இன்னொரு அடி காத்திருக்கிறது: மேக்ரோ, அதாவது திரும்பத் திரும்ப அழைத்துப் பயன்படுத்தும் துண்டு. அந்தக் காலத்து டயல்பிளான் (கால் எங்கே போக வேண்டும் என்ற விதிகள்) என்றால் நிச்சயம் மேக்ரோ நிறைய இருக்கும். அதுவும் 21-இல் நீக்கப்பட்டது. கோசப் என்று மாற்ற வேண்டும். மேக்ரோ முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும்; கோசப் அப்படித் திரும்பாது, ரிட்டர்ன் என்று நீங்கள் எழுதியாக வேண்டும். அதை மறந்தால் பாதி கால்கள் காரணமே தெரியாமல் அறுந்து விழும். பழைய சர்வரை அணைக்காமல், புதியதில் ஐந்து எக்ஸ்டென்ஷனை மட்டும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

திருநெல்வேலி: கால் போகிறது, மணி அடிக்கிறது, எடுத்தால் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். சிப் என்பது பேச்சை ஏற்பாடு செய்யும் தபால்காரர். குரல் ஆர்டிபி என்ற தனிப் பாதையில் போகிறது. "குரலை இந்த முகவரிக்கு அனுப்பு" என்று தபாலுக்குள் எழுதியிருக்கும். உங்கள் சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு தன் வீட்டு முகவரியான 192.168-ஐ எழுதி அனுப்பினால், வெளியே இருப்பவர் அந்த முகவரிக்கு எப்படி அனுப்புவார்?

பிஜேசிப் டிரான்ஸ்போர்ட் பகுதியில் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ் இரண்டிலும் உங்கள் பொது ஐபி. லோக்கல் நெட்டில் உள் வலையமைப்பு. எண்ட்பாயின்ட்டில் டைரக்ட் மீடியா வேண்டாம், ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் கான்டாக்ட் மூன்றும் வேண்டும். ரவுட்டரில் யுடிபி 10000 முதல் 20000 வரை சர்வருக்குத் திருப்புங்கள். ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' என்று ஒன்று இருக்கும், உதவுகிறேன் என்று வந்து கெடுப்பது அது. அணைத்துவிடுங்கள். இதெல்லாம் செய்துவிட்டு ரீலோட் கொடுத்து "மாறவே இல்லை" என்று இங்கே வராதீர்கள். டிரான்ஸ்போர்ட் மாற்றம் வழக்கமான அமைப்பில் ரீலோடில் ஏறாது, ஆஸ்டரிஸ்கை முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டும்.

கரூர்: உபுண்டு 24.04-இல் ஃபிரீபிபிஎக்ஸ் 17 போட முடியுமா?

ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

பெங்களூரிலிருந்து, டெவ்ஆப்ஸ்: இந்தக் காலத்தில் எதற்கு லினக்ஸ் பதிப்பைப் பார்த்துக்கொண்டு? டாக்கரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற பெட்டியில் அடைத்து ஓட்டும் கருவி) போட்டால் கீழே எது இருந்தாலும் ஒன்றுதானே. நான் அப்படித்தான் போட்டேன். ஒரே பிரச்சினை, கன்டெய்னர் எழுவதற்குப் பல நிமிடம் ஆகிறது, 4 ஜிபி ராம் தீர்ந்துவிடுகிறது.

தம்பி, 10000 முதல் 20000 வரை போர்ட்டைத் திறந்துவிட்டீர்களா? டாக்கர் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு தரகர் புராசஸைத் தொடங்கும். பத்தாயிரத்து ஒரு போர்ட், அத்தனை தரகர். ராம் எங்கே போனது என்று இப்போது புரிகிறதா?

அதே பெங்களூர்: அது அமைப்புப் பிழை, டாக்கரின் குற்றம் இல்லை. ஆயிரம் நிறுவனங்கள் ஓட்டுகின்றன.

நடுவில் புகுந்தவர், கோவை: அண்ணா, நானும் டாக்கர் கட்சிதான். பழைய படிமத்தைத் திரும்ப எழுப்ப இரண்டு நிமிடம் போதும். உங்கள் வழியில் சர்வர் போனால் ஒரு நாள் போய்விடும்.

சரி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். டாக்கர் கூடாது என்று நான் சொல்லவில்லை. வெறும் ஆஸ்டரிஸ்க், அமைப்புக் கோப்புகள் கிட் (பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) வழியாக, திரை எதுவும் வேண்டாம் என்றால் டாக்கர் நன்றாகவே ஓடும். ஹோஸ்ட் நெட்வொர்க்கில், அதாவது சர்வரின் வலையமைப்பிலேயே நேரடியாக ஓட்டுங்கள், தரகர் தொல்லை போய்விடும். அல்லது ஆர்டிபி எல்லையைக் குறையுங்கள். ஒரு காலின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு போர்ட்; இருபது கால் ஒரே நேரத்தில் ஓடினாலும் எண்பதுதான். பத்தாயிரம் எதற்கு?

என் சண்டை வேறு. "கீழே எது இருந்தாலும் ஒன்றுதான்" என்பது கெர்னலைத் தொடாதவரைக்கும்தான். பிஆர்ஐ கார்டு (டெலிபோன் நிறுவனத்தின் டிஜிட்டல் லைனைச் செருகுவது) இருந்தால் அதன் டிரைவர் ஹோஸ்டின் கெர்னலில்தான் உட்கார வேண்டும். அடுத்து, டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சிப் பயன்படுத்தும் போர்ட்டான 5060-ஐத் தடுத்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது உலகத்துக்கே திறந்து கிடக்கும். உள்ளே 1001-க்கு பாஸ்வேர்ட் 1001.

கோவை: அந்த 1001 கதையைச் சொல்லிவிடுங்கள் அண்ணா, எல்லாப் பதிலிலும் வருகிறது.

பல வருடத்துக்கு முன் ஒரு அலுவலகத்துக்குப் போட்டுக் கொடுத்தேன். சோதனைக்காக 1001 என்று வைத்தேன், சனிக்கிழமை மாலை அவசரமாகக் கிளம்பும்போது மாற்ற மறந்தேன். வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று 5060-ஐயும் திறந்து வைத்திருந்தேன். திங்கள் காலை போனால் சனி இரவு முழுக்க, ஞாயிறு முழுக்க, நான் கேள்விப்பட்டிராத தீவுகளுக்கெல்லாம் கால் போயிருக்கிறது. இணையம் முழுக்க 5060-ஐத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகல் பார்ப்பதில்லை. பில்லில் பாதியை நான் கட்டினேன். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லாத எக்ஸ்டென்ஷனுக்கு அந்த வழியையே டயல்பிளானில் வைக்காதீர்கள்.

மதுரை: டெபியன் 12-இல் ஃபெயில்2பான் (தவறான பாஸ்வேர்டோடு தட்டுபவர்களைத் தடுக்கும் நிரல்) தொடங்கவே மாட்டேன் என்கிறது. லாக் கோப்பு இல்லை என்கிறது.

டெபியன் 12-இல் லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை; எல்லாம் ஜர்னலுக்குள் போகிறது. எஸ்எஸ்எச் ஜெயிலுக்கு (ஒவ்வொரு சேவைக்குமான தடுப்பு விதி) பேக்எண்டை சிஸ்டம்டி என்று மாற்றுங்கள். ஆஸ்டரிஸ்க் ஜெயிலுக்கு அது வேண்டாம், ஆஸ்டரிஸ்க் தன் கோப்பைத் தானே எழுதுகிறது; லாகர் கான்ஃபில் செக்யூரிட்டி வரியைத் திறந்துவிட்டு அந்தக் கோப்பைக் காட்டுங்கள்.

திருப்பூர், ஏற்றுமதி நிறுவனம்: ஈ1 பிஆர்ஐ கார்டு. நேற்று மின்வெட்டு, சர்வர் திரும்ப எழுந்ததும் கார்டையே காணோம்.

கார்டு பத்திரமாக இருக்கிறது, கெர்னல்தான் மாறியிருக்கும். உபுண்டு சர்வரில் பாதுகாப்பு அப்டேட்கள் தானாக இறங்கும். புது கெர்னல் இறங்கி, ரீபூட்டுக்காகக் காத்திருந்திருக்கும். மின்வெட்டு அதைச் செய்துவிட்டது. கார்டின் டாடி டிரைவர் பழைய கெர்னலுக்குக் கட்டியது. திரும்பக் கட்டுங்கள், இனிமேல் டிகேஎம்எஸ் வழியாக, கெர்னல் மாறும்போது அதுவே கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலை கெர்னல் ஏற்காது. பயாஸில் அணையுங்கள் அல்லது கையொப்பமிடுங்கள். டாடியின் அமைப்புக் கோப்பில் பழைய வரிகளே: ஒன்று முதல் பதினைந்து, பதினேழு முதல் முப்பத்தொன்று வரை குரல், பதினாறு சிக்னலுக்கான டி சேனல். இடம் இருந்தால் பிஆர்ஐயை சிப்பாக மாற்றும் கேட்வே பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். கெர்னல் கவலை நிரந்தரமாகத் தீரும்.

நாகர்கோவில்: எந்த பிராண்ட் ஐபி போன் வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய போனைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்று: மறையாக்கத்துக்கு அது டிஎல்எஸ் 1.0 மட்டும் பேசினால் புது சர்வரின் ஓபன்எஸ்எஸ்எல் 3 இயல்பான அமைப்பில் அதனோடு கைகுலுக்காது.

தஞ்சாவூர், கூட்டுறவு சங்கம்: உறுப்பினருக்கு நிலுவைத் தொகையைத் தமிழில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் தானாக எண்ணைச் சொல்கிறது, தமிழுக்கு வழி உண்டா?

இன்றைக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி. எண்ணைச் சொல்லும் இலக்கணம் சில மொழிகளுக்கு ஆஸ்டரிஸ்க்குள்ளேயே இருக்கிறது. தமிழுக்கு நாம்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் போல 'இருபது' என்ற ஒலியையும் 'ஒன்று' என்ற ஒலியையும் ஒட்டினால் "இருபது ஒன்று" என்று வரும். உறுப்பினர் சிரிப்பார். தமிழில் எண் ஒட்டும்போது உருமாறுகிறது. நூறு தனியாக நின்றால் நூறு, பின்னால் எண் வந்தால் நூற்று. தொள்ளாயிரம், தொள்ளாயிரத்து. ஆயிரம், ஆயிரத்து. லட்சம், லட்சத்து.

நான் செய்தது: 1 முதல் 99 வரை ஒவ்வொன்றையும் முழுதாகப் பதிவு செய்தேன். நூறுகள் ஒன்பதுக்கும் இரண்டு வடிவம், பதினெட்டு. ஆயிரங்களில் ஒன்று முதல் பத்து வரையும் இரண்டு வடிவம். மூவாயிரம், ஐயாயிரம் எல்லாம் ஒட்டு ஒலியில் சரிவராது. பதினொன்றுக்கு மேல் 'பதினோராயிரம்' மாதிரிச் சிலவற்றைத் தனியாகப் பதிவு செய்துவிட்டு, மற்றவற்றில் சமாளித்தேன். மீதம் பூஜ்ஜியமா இல்லையா என்று ஏஜிஐ ஸ்கிரிப்ட் (டயல்பிளானிலிருந்து அழைக்கும் வெளி நிரல்) பார்த்து எந்த வடிவம் என்று முடிவு செய்யும், பிளேபேக்குக்குக் கோப்புப் பெயர்களை அடுக்கும். பதிவு 8000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. போனில் பதிந்த 44100-ஐ அப்படியே போட்டால் ஓடாது, சாக்ஸ் கருவியில் மாற்றுங்கள். சவுண்ட்ஸ் கோப்புறையில் தமிழுக்கு ஒரு துணைக் கோப்புறை. ஒரே ஆள், ஒரே மைக், ஒரே நாளில் பேசட்டும். எங்கள் சங்கத்தில் பாதியை மறுநாள் பதிந்தோம், பேசியவருக்கு ஜலதோஷம். இருநூற்று வரை ஒரு குரல், அதற்கு மேல் வேறு குரல்.

தஞ்சாவூர்: ஏஜிஐக்கு பைத்தான் நூலகம் போடப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று பைத்தானின் நிறுவல் கருவியான பிப் மறுக்கிறது.

டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டிலும் அப்படித்தான். தனியாக வென்வ் (பைத்தானுக்கான தனிக் கோப்புறைச் சூழல்) ஒன்று உருவாக்கி அதற்குள் போடுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் அந்த வென்வின் பைத்தான் பாதையைக் கொடுங்கள். தடையை உடைக்கும் சுவிட்சை யாராவது காட்டினால் கேட்காதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: வெளிநாட்டிலிருந்து வரும் கால்களை சிம் கார்டு பெட்டியில் உள்ளூர் காலாக இறக்க…

இல்லை. அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச். அடுத்தவர்.

ஓசூர்: உபுண்டு 24.04-இல்…

டெபியன் 12. டெபியன் 12. டெபியன் 12.

பெங்களூர்: ஹோஸ்ட் நெட்வொர்க்குக்கு மாற்றினேன், நொடிகளில் எழுகிறது. ராமும் திரும்பியது. ஆனாலும் டாக்கர்தான் எதிர்காலம்.

இருக்கட்டும் தம்பி. யுஎஃப்டபிள்யூவில் 5060 மூடியிருக்கிறதா என்று வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

விழுப்புரம்: சார், நீங்கள் சொன்னபடியே டெபியன் 12, ஃபிரீபிபிஎக்ஸ் 17, எல்லாம் ஏறிவிட்டது. மிக்க நன்றி. போனும் பதிவாகிவிட்டது. எடுத்துப் பேசினால் நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

திருநெல்வேலிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். உங்களுக்குத் திரையில், ஆஸ்டரிஸ்க் சிப் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும். மாற்றியதும் ரீலோட் இல்லை, ரீஸ்டார்ட்.